பதினெட்டு முடிந்தால் பெரிய ஆளா?

பதினெட்டாவது பிறந்தநாள் அன்று இரவு 12 மணிக்கு ஒருவருக்குள் என்ன மாறுகிறது? பார்க்கப்போனால் ஒன்றும் இல்லை. 11.59க்கு இருந்த அதே ஆள்தான். அதே மீசைதான் (அல்லது அதே இல்லாத மீசை!). ஆனால் சட்டத்தின் கணக்குப்படி அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குழந்தை காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் ஓட்டுப் போடலாம், கார் ஓட்டலாம், பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், கடன் வாங்கலாம். கட்டாவிட்டால் அந்தக் கடனுக்காகக் கோர்ட்டிலும் போய் நிற்கலாம்.

வீட்டில் மட்டும் கதை வேறு. பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறந்தால் "நீ சின்னப் பையன், சும்மா இரு" என்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் "இவ்வளவு பெரிய ஆளா வளந்துட்டே, பேங்க்ல ஒரு சலான் எழுதத் தெரியலையா?" என்றும் கேட்பார்கள். சின்னப் பையனா, பெரிய ஆளா என்பது அன்றைக்கு வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது!

வீட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் சட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் 12 வயது ஆனாலே முழு டிக்கெட். 16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு லைசென்ஸ் வாங்கலாம். 18ல் ஓட்டு. ஆண் கல்யாணம் செய்துகொள்ள 21. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட 25. மாநிலங்களவைக்கு 30. குடியரசுத் தலைவர் ஆக 35. ஆக, நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உள்ள ஒரு 19 வயது வாலிபருக்கு, தனக்கு ஒரு மனைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், "எப்போது பெரியவர் ஆகிறோம்" என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தன் வசதிக்கு ஏற்ற பதிலைச் சொல்லியிருப்பது தெரியும்.

கழுத்தில் கிடந்த தாலி

முதலில் நம் ஊர். பாண்டியன் நெடுஞ்செழியன் மிகச் சிறிய வயதில் அரியணை ஏறியவன். தலையாலங்கானத்தில் சேரன், சோழன், ஐந்து வேளிர் என ஏழு பேர் சேர்ந்து எதிர்த்த போரில் வென்றவன். புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் இவனைப் பார்த்து வியக்கிறார். காலில் கிடந்த சிறுபிள்ளைக் கிண்கிணியைக் கழற்றி இப்போதுதான் கழல் அணிந்திருக்கிறான், பால் குடிப்பதை விட்டு இன்றைக்குத்தான் சோறு உண்டான், கழுத்தில் குழந்தைகளுக்குக் காவலாகக் கட்டும் ஐம்படைத் தாலியை இன்னும் கழற்றவே இல்லை என்கிறார். புலவர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவு. அவன் வயது எத்தனை என்று அவர் எங்கேயும் எண்ணிச் சொல்லவில்லை. எதைக் கழற்றினான், எதை அணிந்தான், என்ன செய்தான் என்றுதான் சொல்கிறார்.

அதே புறநானூற்றில் 72ஆம் பாட்டு நெடுஞ்செழியனே பாடியது. தன்னைச் சிறுவன் என்று எள்ளிய பகைவர்கள் மேல் அவனுக்கு அவ்வளவு கோபம். "சின்னப் பையன்" என்று சொன்னால் எரிச்சல் வருவது இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால் ரோம் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம் இருந்தது. ரோமானியச் சிறுவர்கள் கழுத்தில் 'புல்லா' என்ற காப்பு அணிந்திருப்பார்கள். 14 முதல் 17 வயதுக்குள், தகப்பன் சரி என்று நினைக்கும் ஒரு நாளில் அதைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்துவிட்டு, பெரியவர்கள் அணியும் வெள்ளை 'டோகா'வை உடுத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் மார்ச் 17 அன்று வரும் லிபெராலியா திருவிழாவில் இது நடக்கும். பிறகு சொந்தக்காரர்கள் புடைசூழ நகரின் பொது மன்றத்துக்கு ஊர்வலம். இங்கேயும் வயது என்ற எண் முக்கியமில்லை. தகப்பன் பார்வையில் பையன் தயாரா என்பதே கேள்வி.

ஆனால் பணம் என்று வந்ததும் எண் வந்துவிட்டது. கி.மு. 200 வாக்கில் ரோமில் ஒரு சட்டம் வந்தது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வியாபாரத்தில் ஏமாற்றினால் தண்டனை. இளைஞர்களைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள். விளைவு? 25 வயது ஆகாதவனுக்குக் கடன் கொடுக்கவே எல்லோரும் பயந்தார்கள். பிளாட்டஸ் எழுதிய 'சூடோலஸ்' நாடகத்தில் காதலுக்காகக் காசு தேடி அலையும் ஓர் இளைஞன், இந்தச் சட்டத்தால் எவனும் தன்னை நம்பிக் கடன் தருவதில்லை என்று புலம்புகிறான். அந்த நாடகம் அரங்கேறியது கி.மு. 191ல். பாதுகாப்பும் பூட்டும் ஒரே சாவியில் வரும் என்பதை ரோமானியர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கவசம் தாங்கும் வயது

இருபத்தொன்று என்ற எண்ணை உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். கி.பி. 1187-89 வாக்கில் எழுதப்பட்ட, கிளான்வில் என்பவரின் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்ட நூல் ஒன்று இருக்கிறது. அதில் பெரியவர் ஆகும் வயது மூன்று விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

போர்வீரப் பிரபுவின் மகன் என்றால் 21. அந்தக் காலத்துக் குதிரை வீரனுக்கு இரும்புக் கவசம், ஈட்டி, கேடயம் எல்லாம் தூக்கிக்கொண்டு சண்டை போடும் உடல்வலு வர அவ்வளவு வயது ஆகும் என்று வரலாற்று ஆசிரியர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நிலத்தில் பயிர் செய்யும் குடியானவனின் மகன் என்றால் 15. ஏர் பிடிக்க அது போதும்.

மூன்றாவதுதான் சுவாரசியம். நகரத்து வியாபாரியின் மகனுக்கு வயதே கிடையாது! காசைச் சரியாக எண்ணத் தெரிய வேண்டும், துணியை அளக்கத் தெரிய வேண்டும், அப்பாவின் மற்ற வியாபார வேலைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அவன் பெரியவன். பதிமூன்று வயதில் தெரிந்தால் பதிமூன்று. முப்பதிலும் தெரியாவிட்டால் அவ்வளவுதான்.

காலப்போக்கில் துணி அளக்கும் கணக்கு மறைந்துபோனது. பிரபுக்களின் 21 மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கவசம் போய், குதிரை போய், துப்பாக்கி வந்து, ரயில் வந்து, விமானமும் வந்த பிறகும் அந்த 21 நகரவில்லை. பிரிட்டனில் அது 18 ஆனது 1970 ஜனவரி 1 அன்றுதான். எந்த வீரனும் அணியாத ஒரு கவசத்தின் எடையை எத்தனை நூற்றாண்டு இளைஞர்கள் சுமந்திருக்கிறார்கள் பாருங்கள்.

மைனர் என்றொரு தமிழ்ச் சொல்

இந்தியாவுக்கு 18 எப்படி வந்தது? இந்து சட்டத்தின் கணக்கில் 15 அல்லது 16 வயதோடு சிறுபிள்ளைப் பருவம் முடிந்துவிடும். முஸ்லிம் சட்டத்தில் பருவம் எய்துவது, அல்லது 15 வயது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது சரிப்பட்டு வரவில்லை. காரணம் நிலவரி. பதினைந்து வயதுப் பையன் கையில் ஜமீன் போனால், அவன் அதைத் தொலைத்துவிட்டால், கம்பெனிக்கு வரி யார் கட்டுவது? அதனால் 1793ல் வங்காளத்தில் கொண்டுவந்த ஒரு ஒழுங்குமுறைச் சட்டம், வரி கட்டும் நிலச்சொந்தக்காரர்களுக்கு மட்டும் அந்த வயதை 15லிருந்து 18க்கு உயர்த்தியது. ஆக இந்தியாவில் 18 என்ற எண் நுழைந்தது குழந்தைகள் மேல் வைத்த பாசத்தால் அல்ல, வரி வசூலால்!

வாரிசு சிறுவனாக இருக்கும் ஜமீன்களை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பு எடுத்து நடத்தியது. ராமநாதபுரத்தில் பாஸ்கர சேதுபதியின் தந்தை 1873ல் இறந்தபோது அவர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. ஜமீன் அரசின் பொறுப்புக்குப் போனது. பையனைச் சென்னைக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி கொடுத்தார்கள். 1889ல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. விவேகானந்தருக்கு அமெரிக்கா போக ஊக்கம் கொடுத்தவர் என்று புகழ் பெற்ற அதே சேதுபதி, அள்ளிக் கொடுத்த கையால் சில வருடங்களிலேயே கடனிலும் மாட்டிக்கொண்டார். பதினாறு வருடம் அரசாங்கம் 'தயார்' செய்தும் இந்த நிலை என்றால், காத்திருப்பது மட்டும் யாரையும் பொறுப்புக்குப் பழக்கிவிடுவதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட மைனர் ஜமீன்தார்களிடமிருந்துதான் தமிழில் 'மைனர்' என்ற சொல்லுக்கு ஒரு புது அர்த்தமே வந்தது என்பார்கள். சில்க் ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், கையில் காசு, பொறுப்பு மட்டும் கிடையாது. ஆங்கிலத்தில் வயது வராதவன் என்று பொருள்படும் சொல், நம் ஊரில் ஊதாரி வாலிபனின் பெயராகிவிட்டது. சட்டம் ஒருவனைச் சிறுவனாகவே வைத்திருந்தால் அவன் என்ன ஆவான் என்பதற்குத் தமிழர்கள் போட்ட தீர்ப்பு போல இருக்கிறது இந்தச் சொல்.

கையெழுத்து போட்டவனும் போடாதவளும்

1875ல் இந்திய வயதுவந்தோர் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 9ஆம் சட்டம். இனி எல்லா மதத்தினருக்கும் 18 வயது. நீதிமன்றம் நியமித்த காப்பாளர் இருந்தாலோ, சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கையில் இருந்தாலோ 21. (இந்த 21 கணக்கை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 18 என்று திருத்தியது 1999ல்தான்.)

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழக்கு கல்கத்தாவில். தர்மோதாஸ் கோஷ் என்ற இளைஞர் 1895 ஜூலை 20 அன்று தன் வீட்டை பிரம்மோ தத் என்ற வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு, 12 சதவீத வட்டிக்கு அடமானம் வைத்தார். அவருடைய அம்மா நீதிமன்றம் நியமித்த காப்பாளர். அதனால் அவருக்கு 21 வயதுக் கணக்கு. அது இன்னும் முடியவில்லை. சில நாள் முன்பே அம்மாவின் வக்கீல், பையன் மைனர், கடன் கொடுத்தால் உங்கள் பாடு என்று வட்டிக்காரரின் ஆளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த ஆளோ, தனக்கு வயது வந்துவிட்டது என்று தர்மோதாஸிடமே எழுதி வாங்கிக்கொண்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1903ல் தீர்ப்பு: மைனர் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது! இன்றும் சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் எல்லோரும் 'மோகரி பீபி வழக்கு' என்று இதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

இரண்டாவது வழக்கு அதற்குச் சில வருடம் முன்பு பம்பாயில். ருக்மாபாய் 1864ல் பிறந்தவர். 11 வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆனால் அவர் கணவன் வீட்டுக்குப் போகவில்லை. வளர்ப்புத் தந்தையான டாக்டர் சகாராம் அர்ஜுனின் வீட்டிலேயே இருந்து படித்தார். 1884ல் தாதாஜி, மனைவியைத் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று வழக்குப் போட்டார். ருக்மாபாய்க்கு அப்போது கிட்டத்தட்ட 20 வயது. எதுவும் புரியாத வயதில் மற்றவர்கள் நடத்தி வைத்த கல்யாணம், அதற்கு நான் சம்மதம் தரவில்லை என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

1885ல் நீதிபதி பின்ஹே, விருப்பமில்லாத பெண்ணை அனுப்பச் சொல்ல முடியாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஊரே கொதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், ஒன்று கணவன் வீட்டுக்குப் போ, இல்லை ஆறு மாதம் சிறைக்குப் போ என்று உத்தரவிட்டார். ருக்மாபாய் சிறைக்குப் போகத் தயார் என்றார். கடைசியில் 1888ல் தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து 1894ல் டாக்டர் ஆனார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தார். 1955ல் தன் 90ஆவது வயதில் காலமானார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. திருமணம், மணமுறிவு, தத்து, மதச் சடங்குகள் இவற்றுக்கெல்லாம் இந்த 18 பொருந்தாது. வீட்டை அடமானம் வைக்க 20 வயது வாலிபனுக்கு அறிவு போதாது என்று சொன்ன சட்டம், 11 வயதுச் சிறுமியை வாழ்நாள் முழுவதற்கும் கட்டிப் போடும் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. தானே கையெழுத்து போட்டவனை, அந்தக் கையெழுத்திலிருந்து காப்பாற்றியது. கையெழுத்தே போடாத பெண்ணை, அடுத்தவர்கள் போட்ட முடிச்சுக்காகச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது. சொத்துக்குக் கொடுத்த பாதுகாப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அது மாற ரொம்ப காலம் ஆனது. 1929ல் சாரதா சட்டம் வந்து பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. 1930 ஏப்ரல் 1 முதல் அமல். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணங்கள் ஏராளம். சென்னையில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முக்கியமானவர். அதே சென்னையில், சிறுமியாக இருக்கும்போதே கல்யாணமாகி உடனே விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தினார். 'சகோதரி சுப்புலட்சுமி' என்று ஊரே அழைத்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று திருமண வயது உயர்ந்தது 1978ல்தான். பெண்ணுக்கும் 21 ஆக்க 2021 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. 2024ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதி ஆகிவிட்டது.

மில்லில் பெரியவர், ஓட்டில் சின்னவர்

இன்னொரு பக்கம் ஏழைப் பிள்ளைகள். 1881ல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 7 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வரை குழந்தை, ஒன்பது மணி நேரம் மட்டுமே வேலை வாங்கலாம். 12 முடிந்துவிட்டால்? பெரியவர்தான், நேர வரம்பே கிடையாது. ஜமீன்தார் மகன் 21 வயது வரை குழந்தை. மில் தொழிலாளியின் மகன் 12 வயதிலேயே பெரியவன். இரண்டும் ஒரே அரசாங்கம் போட்ட சட்டம். அந்த வரம்பு 1891ல் 14 ஆகவும், 1922ல் 15 ஆகவும் மெல்ல மெல்ல உயர்ந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை, பலருக்குத் தங்கள் வயதே தெரியாது என்பது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது! பிறந்த தேதி கேட்டால் வீட்டில் "அந்தப் பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்பார்கள். வாத்தியாரே ஜூன் மாதக் கணக்குக்குத் தோதாக மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். அந்தத் தேதிதான் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் ஏறி, வேலைக்கும் ஓய்வுக்கும் ஆதாரமாகிவிடும். காது எட்டியதால் பள்ளிக்குப் போனவர்கள், வாத்தியார் எழுதிய தேதியில் பெரியவர்கள் ஆனார்கள்.

ஓட்டுரிமைக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தது. சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல் கொடுத்தது பெரிய விஷயம். அமெரிக்காவிலும் அப்போது பெரும்பாலும் 21தான். ஆனால் 1942லேயே அங்கே 18 வயதுப் பையன்களைக் கட்டாய ராணுவத்துக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சண்டை போட்டுச் சாக வயது வந்துவிட்டது, ஓட்டுப் போட வரவில்லையா என்று கேட்டார்கள். வியட்நாம் போரின்போது அந்தக் கேள்வி பெரிதாகி, 1971 ஜூலை 1 அன்று 26ஆவது திருத்தம் நிறைவேறியது. ஓட்டு வயது 18 ஆனது. 700 வருடத்துக்கும் முன்னால் கவசம் சுமக்கும் கணக்கில் வந்த 21, கடைசியில் துப்பாக்கி சுமந்தவர்களால் இறங்கியது.

இந்தியாவில் 61ஆவது திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28 அன்று அமலுக்கு வந்தது. இதனால் தமிழ்நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். அப்போது 19 வயதுக் கல்லூரி மாணவர்கள் ஓட்டுச்சாவடி வாசலில் கொடி பிடித்து நிற்க மட்டும்தான் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல். அதே மாணவர்கள் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்கள். பத்து மாதத்தில் அவர்கள் ஒன்றும் பிரமாதமாக வளர்ந்துவிடவில்லை. சட்டம்தான் அவர்களை நோக்கி மூன்று வருடம் இறங்கி வந்தது.

கிமோனோவும் குழப்பமும்

பெரியவர் ஆவதை ஒரு நாடே சேர்ந்து கொண்டாடும் இடம் ஜப்பான். பழைய காலத்தில் சாமுராய் குடும்பத்துப் பையன்கள் பதின்வயதில் 'கெம்புகு' என்ற சடங்கில் முடியை மாற்றி, பெயரை மாற்றி, பெரியவர்கள் ஆவார்கள். 1876ல் அரசு 20 வயது என்று அறிவித்தது. 1949 முதல் ஜனவரி 15 அன்று 'வயது வந்தோர் நாள்' என்று தேசிய விடுமுறை. 2000 முதல் அது ஜனவரி மாத இரண்டாம் திங்கள். நீண்ட கை வைத்த கிமோனோ அணிந்து இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக நகர மண்டபத்துக்குப் போவதை அன்றைக்குப் பார்க்கலாம்.

2022 ஏப்ரல் 1 அன்று ஜப்பான் அந்த வயதை 18 ஆக்கியது. 146 வருடத்துக்குப் பிறகு மாற்றம். அன்று காலை 18, 19 வயதில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் பெரியவர்கள்! ஆனால் மது, புகையிலைக்கு இன்றும் 20தான். விழாவையும் பல ஊர்களில் 20 வயதுக்காரர்களுக்கே நடத்துகிறார்கள். 18ல் பள்ளி இறுதித் தேர்வும் நுழைவுத் தேர்வும் இருப்பதால் கிமோனோ உடுத்த நேரமில்லை என்பது ஒரு காரணம். சட்டப்படி பெரியவரான ஒருவர், பரீட்சைக்காக அந்த விழாவை இரண்டு வருடம் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. நம் ஊர் பிளஸ் டூ மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

மனசுக்கு எப்போது வயது வருகிறது?

2000ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னட் ஒரு கட்டுரை எழுதினார். 18 முதல் 25 வரை உள்ள பருவம் சிறுவயதும் இல்லை, முழுப் பெரியவரும் இல்லை, தனியாக ஒரு பருவம் என்பது அவர் வாதம். நீங்கள் பெரியவர் ஆகிவிட்டீர்களா என்று கேட்டால், அந்த வயதில் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சில விஷயத்தில் ஆமாம், சில விஷயத்தில் இல்லை என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று கேட்டபோது கல்யாணம், வேலை, படிப்பு முடித்தல் எல்லாம் பின்னால் போய்விட்டன. தனக்குத் தானே பொறுப்பு ஏற்பது, சொந்தமாக முடிவெடுப்பது, சொந்தக் காசில் நிற்பது. இந்த மூன்றும்தான் முன்னால் வந்தன.

இந்த மூன்றும் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? காசு எண்ணத் தெரிய வேண்டும், துணி அளக்கத் தெரிய வேண்டும், கடையைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். 800 வருடத்துக்கு முன் கிளான்வில் நூல் வியாபாரி மகனுக்குச் சொன்ன அதே கணக்குதான்!

அப்படியானால் எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, தகுதி பார்த்து ஒவ்வொருவரையும் பெரியவர் என்று அறிவிக்கலாமா? அங்கேதான் ஆபத்து. தகுதியைப் பார்த்து முடிவு செய்வது யார்? ருக்மாபாய் காலத்தில் அதை முடிவு செய்தவர்கள் சொந்தக்காரர்களும் பஞ்சாயத்தும். இன்றும் அந்த ஆசை போகவில்லை. 2017ல் கேரள உயர் நீதிமன்றம், 24 வயதுப் பெண் ஒருவர் தானே விரும்பிச் செய்துகொண்ட திருமணத்தை, தந்தையின் மனுவின் பேரில் ரத்து செய்து, அவரைப் பெற்றோரிடம் அனுப்பியது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. வயது வந்த ஒருவர் யாரைத் திருமணம் செய்வது என்பதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. 18ஐத் தாண்டி ஆறு வருடம் ஆன பெண்ணுக்கு, அந்த எண்தான் கடைசியில் கைகொடுத்தது.

எண் முட்டாள்தனமானதுதான். 17 வருடம் 364 நாளுக்கும் 18க்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அது ஆள் பார்த்து மாறாது. ஆணா பெண்ணா, ஜமீனா மில்லா, வீட்டில் அடங்கி நடக்கிற பிள்ளையா எதிர்த்துப் பேசுகிற பிள்ளையா என்று கேட்காது. வரி வசூலுக்காக நுழைந்த ஓர் எண், இருநூறு வருடம் கழித்து ஒரு பெண் நீதிமன்றத்தில் நின்று "நான் முடிவு செய்கிறேன்" என்று சொல்ல ஆதாரமாக மாறியிருக்கிறது.

மனசு பெரியதாவது வேறு கணக்கு. அதற்குத் தேதி கிடையாது. ருக்மாபாய்க்கு அது எந்த நாள் என்று கேட்டால் 18ஆவது பிறந்தநாளாக இருக்காது. சிறைக்குப் போகத் தயார் என்று சொன்ன நாளாகத்தான் இருக்கும். அப்போது அவருக்கு வயது 22.